செயலாளரின் ஆண்டறிக்கை: புல்வெளித் தாவிகளுக்கு ஒதுக்கிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி இந்த ஆண்டுக் களப்பணி முழுவதும் புல்வெளியில் பறக்கும் சிறு தாவிகளுக்கு, அதாவது ஸ்கிப்பர் என்னும் பட்டாம்பூச்சிகளுக்கு, ஒதுக்கப்பட்டது. காரணம் யாவரும் அறிந்ததே. நம் பதிவேட்டில் மற்ற குடும்பங்களின் பக்கங்கள் ஓரளவு ஒழுங்காக இருக்கின்றன. தாவிகளின் குடும்பமான ஹெஸ்பெரிடே பக்கத்தைப் புரட்டினால்தான் சங்கடம். பாதிப் பெயர்கள் ஊகம், மீதிப் பெயர்களுக்குப் படம் இல்லை. பழுப்பாக இருந்தால் ‘ரைஸ் ஸ்விஃப்ட்’, மஞ்சளாக இருந்தால் ‘கன்ஃப்யூஷியன் டார்ட்’ என்று எழுதி நகர்ந்திருக்கிறோம். இந்தப் பழக்கத்தை நிறுத்துவதே ஆண்டின் வேலையாக இருந்தது. புது இனம் தேடும் ஆசையைச் செயற்குழு வேண்டுமென்றே ஒத்திவைத்தது.

நிர்வாகம் பற்றிச் சுருக்கமாக. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். கருவிகளில் பத்து மடங்கு கைலென்ஸ்களும், இரண்டு மீட்டருக்குள் குவியும் எட்டு மடங்கு பைனாகுலர்களும் வாங்கப்பட்டன. பறவை பார்ப்பவர்கள் பத்து மடங்கு பைனாகுலரைப் பரிந்துரைத்தார்கள். நமக்கு அது ஒத்துவராது. கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். அருகே குவியாவிட்டால் காலடியில் உட்காரும் பூச்சிக்காகப் பின்னால் நகர வேண்டியிருக்கும், அந்த அசைவிலேயே அது போய்விடும். பைனாகுலர்களை எடுத்துச் செல்பவர்கள் லென்ஸைச் சட்டைத் துணியால் துடைக்காமல் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நடைகள்

மருதமலை அடிவாரத்துப் புல்தரை, நொய்யலை ஒட்டிய குளக்கரைகள், ஆனைகட்டிச் சாலையோரம், பேரூர்ப் பக்கத்து நெல்வயல் வரப்புகள் ஆகியவையே நம் தடங்கள். ஒவ்வொரு தடமும் 500 மீட்டர். இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், இந்தக் கற்பனைப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ணுவது. சீரான நடை, பின்னோக்கி எண்ணுவதில்லை. அடையாளம் பார்க்க நின்றால் கடிகாரத்தையும் நிறுத்த வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுவதால் ஒரே தடத்தின் இரண்டு மாதக் கணக்குகளை ஒப்பிட முடியாமல் போகிறது.

காலை எட்டு மணிக்கு முன் புல்லில் பனி இருக்கும். தாவிகள் இலையடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெயில் புல்நுனியைத் தொட்டதும் மேலேறி இறக்கை விரித்துக் காயும். எட்டரை முதல் பத்தரை வரைதான் நல்ல நேரம். உடல் சூடாகிவிட்டால் கண்ணுக்கு எட்டாத வேகம். ஸ்விஃப்ட் வகைகளில் சில மாலை மங்கும் வேளையில் மறுபடி சீமை நாயுருவிப் பூவுக்கு வரும்.

பறக்கும்போது துரத்த வேண்டாம். டார்ட் ஆண்கள் ஒரு புல்நுனியைத் தமக்கென்று வைத்துக்கொண்டு, வருவோர் போவோரையெல்லாம் விரட்டிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும். இருக்கையைப் பார்த்து வைத்து, இரண்டடி தள்ளிக் குந்தி உட்கார்ந்தால் போதும். நம் நிழல் அதன்மேல் விழக் கூடாது. பூவென்றால் பொடுதலை, வெட்டுக்காயப் பூண்டு, தும்பை. குறிப்பாகக் குளக்கரையில் தரையோடு படர்ந்த பொடுதலைத் திட்டு ஒன்று போதும், காலை முழுவதும் அங்கேயே உட்காரலாம். காய்ந்த பறவை எச்சத்தையும் கவனியுங்கள். தாவி தன் உடல்நீரை அதன்மேல் விட்டு நனைத்து, கரைந்ததைத் திரும்ப உறிஞ்சும். அந்த வேலையில் இருக்கும்போது லென்ஸ் மூக்கைத் தொட்டாலும் நகராது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் திறந்த புல்வெளி நடைகளை நிறுத்திவைத்தோம். அந்தக் காற்றில் தாவி பறப்பதில்லை, பறந்தாலும் தள்ளிக்கொண்டு போய்விடும், படமும் தேறாது. அப்போது வரும் குறைந்த எண்ணிக்கையைப் ‘பூச்சி குறைந்துவிட்டது’ என்று படிப்பது தவறு. அந்த மாதங்களில் வேலியோரம், ஓடைப்பள்ளம், சோளக்காட்டின் காற்று மறைந்த பக்கம் ஆகிய இடங்களில் மட்டும் பார்த்தோம். ஐப்பசி மழைக்குப் பிறகு புல் தளிர்த்ததும்தான் எண்ணிக்கை ஏறும்.

அடையாளம்

உட்காரும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும். புல்தாவிகள் பெரும்பாலும் பின் இறக்கையைப் படுக்கையாகவும் முன் இறக்கையைச் சாய்த்து உயர்த்தியும் வைத்து, சிறு ஜெட் விமானம்போல உட்காரும். இறக்கை நான்கையும் தட்டையாக விரித்து, கறுப்பில் வெள்ளைக் கட்டம் போட்டதுபோல் இருந்தால் அது புல் தின்னும் கூட்டமே அல்ல. ஸ்பியாலியா கல்பா, இந்தியன் கிரிஸில்டு ஸ்கிப்பர். அரிவாள்மனைப் பூண்டு போன்ற சிடா செடிகளில் முட்டையிடும். புல்தரையில் தாழப் பறப்பதால் எல்லோர் பட்டியலிலும் புல்தாவிகளோடு சேர்ந்துவிடுகிறது. இந்தியன் பாம் பாப் இன்னொரு விருந்தாளி. புழு பனைக் குடும்பத்தில் வளர்வது; பின் இறக்கை அடிப்புறச் சாம்பலில் கறுப்புப் பொட்டுகள் தெளிவாக இருக்கும், குழப்பமே வேண்டாம்.

அடுத்தது உணர்கொம்பு. தாவிகளில் பெரும்பாலானவற்றுக்கு உணர்கொம்பின் குமிழுக்கு அப்பால் ஒரு சிறு கொக்கி உண்டு. டாராக்ட்ரோசெரா பேரினத்தில் அது இல்லை. குமிழ் தட்டையாகி, சிறு கரண்டிபோல முடிந்துவிடும். வேறு எதுவும் தெரியாத படத்தில்கூட இந்தக் கரண்டி தெரிந்தால் பேரினம் உறுதி. நம் பகுதியில் இப்பேரினத்தில் இரண்டு உண்டு. மேவியஸ், அதாவது காமன் கிராஸ் டார்ட்: கரும்பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள், அடிப்புறம் சாம்பல் பச்சை, நரம்புகள் வெளிறிக் கோடிழுத்ததுபோல் தெரியும். செராமஸ், நம் பெயரையே தாங்கிய தமிழ் கிராஸ் டார்ட்: புள்ளிகள் மஞ்சளாக இருக்கும். மாலை வெயிலில் வெள்ளையும் மஞ்சளாகப் படமாகும் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து செராமஸ் என்று எழுதிய பதிவுகளை மறுபார்வையில் பேரினத்தோடு நிறுத்திவிட்டோம். கேமராவின் ஒயிட் பேலன்ஸை ‘வெயில்’ என்பதில் பூட்டிவைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

டாராக்ட்ரோசெராவோடு அதிகம் குழம்புவது புஷ் ஹாப்பரின் பெண். ஆம்பிட்டியா டயாஸ்கொரிடிஸ் என்னும் இதன் ஆணுக்கு மேற்புறத்தில் ஆரஞ்சுத் திட்டு பெரிது. யாரும் தவறவிட மாட்டார்கள். பெண் கறுத்து, சிறு புள்ளிகளோடு இருக்கும். பின் இறக்கையின் அடிப்புறத்தைப் பாருங்கள்: மஞ்சள் தரையில் கரும்பொட்டுகள் இறைந்திருந்தால் ஹாப்பர். இடமும் துணை செய்யும். இது நெல்வயல், சேற்றுப்புல், குளத்து ஈரக்கரை விட்டு அதிகம் நகராது. புழு நெல்லிலும் லீர்சியா என்னும் சதுப்புப் புல்லிலும் வளரும்.

மிகச் சிறியது பிக்மி ஸ்க்ரப் ஹாப்பர், ஏரோமாகஸ் பிக்மேயஸ். குறிகளே அநேகமாக இல்லாத வெறும் பழுப்பு. புல்லிடுக்கில் தத்தித் தத்திப் பறப்பதை ஈ என்றோ அந்துப்பூச்சி என்றோ விட்டுவிடுகிறோம். உணர்கொம்பு நுனி தடித்திருக்கிறதா என்று கைலென்ஸில் ஒரு நொடி பார்த்தால் தீர்ந்தது. நம் பதிவேட்டில் இதற்குப் பதிவு குறைவாக இருப்பதற்கு அரிதென்பதைவிட நம் கண்ணே காரணம் என்பது என் கருத்து.

இனி மஞ்சள் டார்ட்கள். இங்கே செயற்குழுவின் முடிவு கறாரானது: கன்ஃப்யூஷியன் டார்ட் சேர்ந்த பேரினமான பொட்டாந்தஸ் என்றால் ‘பொட்டாந்தஸ் இனம்’ என்று மட்டுமே பதிவு. முன் இறக்கையின் மேற்புறத்தில் 4, 5ஆம் இடைவெளிப் புள்ளிகள் (எண் முறை கீழே வருகிறது) அண்டைப் புள்ளிகளோடு ஒட்டியிருக்கின்றனவா விலகியிருக்கின்றனவா என்று பார்த்து இனம் பிரிப்பதுண்டு. ஆனால் ஒரே இனத்துக்குள்ளேயே அது மாறுகிறது. முடிவான தீர்ப்பு ஆணின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான். அதற்குப் பூச்சியைக் கொல்ல வேண்டும். நம் சங்கம் அதைச் செய்வதில்லை, காட்டுக்குள் வலை எடுத்துச் செல்வதும் இல்லை. கைப்பேசிச் செயலி ‘கன்ஃப்யூஷியன் டார்ட்’ என்று நம்பிக்கையோடு சொன்னால், அது முன்பு யாரோ அப்படிப் பெயரிட்ட படங்களைத்தான் திருப்பிச் சொல்கிறது.

பொட்டாந்தஸைவிடப் பருத்துப் பெரிதாக, முன் இறக்கை நடுவில் கறுப்புப் பட்டையுள் சாம்பல் நிற மணச்செதில் கோடு தெரிந்தால் டெலிகோட்டா ஆண். மேற்புற ஆரஞ்சுப் பட்டை நரம்புகள் வழியே இறக்கை விளிம்பு வரை கசிந்து நீண்டால் கோலன், பேல் பாம் டார்ட். கசியாமல் கறுப்பு விளிம்பு முழுமையாக நின்றால் பாம்பூசே, டார்க் பாம் டார்ட். மேற்புறப் படம் இல்லாமல் இந்த இரண்டில் ஒன்றை எழுத வேண்டாம். பெயரில் பனை இருந்தாலும் பாம்பூசேயை மூங்கிலோரத்தில் தேடுங்கள்.

பழுப்பு ஸ்விஃப்ட்கள்

மறுபார்வையில் அதிகம் அடிபட்டது இந்தக் கூட்டம்தான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எண் முறை. இறக்கை நரம்புகளை உள்விளிம்புப் பக்கமிருந்து எண்ணுகிறோம். 2ஆம் நரம்புக்கும் 3ஆம் நரம்புக்கும் இடைப்பட்டது 2ஆம் இடைவெளி. அப்படியே மேலே ஏறும். 2ஆம் நரம்புக்குக் கீழே இருப்பது 1b, நம் பதிவேட்டில் ‘1பி’. இறக்கை உடலோடு சேரும் பக்கத்தில் நரம்பால் மூடிய நீள் பகுதி நடு அறை. பதிவில் ‘நடுவில் ஒரு புள்ளி’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ‘நடு அறையில் இரண்டு, 1பியில் ஒன்று’ என்று எழுதுங்கள்.

பிறகு பின் இறக்கையின் அடிப்புறம். புள்ளியே இல்லாத வெற்றுப் பழுப்பென்றால் கால்டோரிஸ் அல்லது பாவோரிஸ். பாவோரிஸ் ஆணுக்குப் பின் இறக்கை மேற்புறத்தில் தூரிகைபோல் மயிர்க்கற்றை உண்டு. பெயிண்ட்பிரஷ் ஸ்விஃப்ட் என்ற பெயரே அதனால்தான். புள்ளிகள் வளைவாக அமைந்து, அவற்றுக்கு உள்ளே நடு அறையிலும் தனியாக ஒரு புள்ளி இருந்தால் பெலோபிடாஸ். நடு அறைப் புள்ளி இல்லையென்றால் போர்போ அல்லது பார்னாரா. பார்னாராவில் புள்ளிகள் அநேகமாக ஒரே நேர்கோட்டில் நிற்கும், ஸ்ட்ரெய்ட் ஸ்விஃப்ட் என்பது அதனால். உணர்கொம்பும் குட்டை, முன் இறக்கை முன்விளிம்பின் பாதியை எட்டாது. போர்போ சின்னாராவில், அதாவது ரைஸ் ஸ்விஃப்டில், புள்ளிகள் சமமாகவும் இருக்காது, வரிசையிலும் நிற்காது. முன் இறக்கை 1பியில் இருக்கும் புள்ளி மட்டும் மற்றவைபோல் ஒளி ஊடுருவாமல் மஞ்சளாக அடைத்திருக்கும். வெயிலை எதிரே வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பழைய பதிவுகளில் ‘ரைஸ் ஸ்விஃப்ட்’ என்றிருந்தவற்றுள் பல, படத்தைப் பெரிதாக்கியபோது அறைப்புள்ளியோடு பெலோபிடாஸாக நின்றன. எதிர்த்திசைத் தவறும் நடக்கும்: செதில் உதிர்ந்த கிழட்டுப் பெலோபிடாஸில் அறைப்புள்ளி அழிந்துவிடும். ஆகவே ‘புள்ளி இல்லை’ என்று எழுதுமுன் இறக்கை விளிம்பு மயிர் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பு கிழிந்த பூச்சியில் இல்லாத புள்ளிக்குச் சாட்சி மதிப்பு கிடையாது.

பெலோபிடாஸுக்குள் மதியாஸா, அக்னாவா? ஆணின் முன் இறக்கை மேற்புறத்தில் மெல்லிய வெள்ளிச் சாய்கோடு ஒன்று இருக்கும். மணச்செதில் கோடு அது. நடு அறையின் இரண்டு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டைக் கீழே நீட்டுங்கள். அது மணச்செதில் கோட்டை வெட்டினால் மதியாஸ், ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்ட். வெட்டாமல் அதன் கீழ்நுனியைத் தொட்டோ தாண்டியோ போனால் அக்னா. படத்தின்மேல் அளவுகோலை வைத்துச் செய்யுங்கள், கண்ணால் ஊகிக்க வேண்டாம். இறக்கை கேமராவுக்கு நேராக விரிந்த படமாக இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும். சாய்வாக எடுத்தால் கோடும் சாய்ந்து, மதியாஸ் அக்னாவாகிவிடும். பெண்ணுக்கு மணச்செதில் கோடு கிடையாது. எனவே பெண்களை ‘மதியாஸ்/அக்னா’ என்று இரட்டைப் பெயரில் எழுதுவதே முறை.

இந்த மதியாஸை 1798இல் டேனிஷ் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் விவரித்தது தரங்கம்பாடியிலிருந்து போன மாதிரியை வைத்துத்தான். அப்போது அது டேனிஷ்காரர்களின் ஊர். அடுத்த முறை பழுப்புப் பூச்சி என்று ஒதுக்கும் உறுப்பினர்கள், நம் கடற்கரையின் பெயர் அதன் பிறப்புச் சான்றிதழில் இருப்பதை நினைத்துக்கொள்ளலாம்.

படம் எடுப்பது

ஒரு பூச்சிக்கு நான்கு படம் என்று இப்போது விதி. முதலில் தூரத்திலிருந்தே ஒன்று, பறந்துவிட்டாலும் கையில் இருக்க. பிறகு பக்கவாட்டில் பின் இறக்கை அடிப்புறம். மூன்றாவது பின்புறம் மேலிருந்து, சாய்ந்து நிற்கும் முன் இறக்கையின் தளத்துக்கு நேராக. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம், பெயரைத் தீர்மானிப்பதும் இதுதான். நான்காவது உணர்கொம்பு நுனி. பூச்சி போன பிறகு அது உட்கார்ந்த பூவின் அருகே அளவுகோலை வைத்து ஒரு படம் சேர்த்தால் உடல் அளவும் தெரிந்துவிடும்.

90 முதல் 105 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்கள் அபெர்ச்சர் எஃப்/8இலிருந்து எஃப்/11 வரையும், ஷட்டர் 1/500க்குக் குறையாமலும் வைக்கவும். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், ஷட்டரை இறக்காதீர்கள்; மணிமணியாகத் தெரியும் படத்தில் புள்ளியை எண்ணலாம், அசைந்த படத்தில் எண்ண முடியாது. ஃபிளாஷுக்கு முன் வெள்ளைத் துணியோ டிஃப்யூசரோ கட்டாயம். நேரடி ஃபிளாஷில் செதில்கள் மினுங்கி, வெள்ளி மணச்செதில் கோடும் கண்ணாடிப் புள்ளியும் ஒரே வெள்ளையாகிவிடும். கைப்பேசிக்காரர்கள் டிஜிட்டல் ஜூமைத் தொட வேண்டாம். கிளிப் மேக்ரோ மாட்டி, மூச்சைப் பிடித்து, தொடர்படமாக எடுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

முட்டையும் புழுவும்

நெல்வயல் நடைகளில் விவசாயிகள் கேட்ட கேள்வி ஒன்றே: ‘இது இலைச்சுருட்டுப் புழுவா?’ இல்லை. இலைச்சுருட்டுப் புழு மடித்த இலைக்குள் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். இலையில் வெள்ளைக் கோடுகள் விழும். தாவிப் புழு ஓரத்திலிருந்து நடுநரம்பு வரை இலையையே கடித்துத் தின்னும். இலை விளிம்புகளைப் பட்டு நூலால் இழுத்துக் கட்டிக் குழாயாக்கி உள்ளே தங்கும். குழாயைத் திறந்தால் உள்ளே சுத்தமாக இருக்கும். எச்சத்தை வெளியே தூர எறிந்துவிடும் பழக்கம் அதற்கு. மதியாஸ் புழுவுக்குப் பச்சை உடல், முகத்தின் இருபக்கமும் செம்பழுப்புப் பட்டை.

பெண் பூச்சியின் பெயர் தெரியாத இடத்தில் புழு வளர்ப்பு ஒரு வழி, ஆனால் கவனமாகச் செய்தால்தான். வயல்காரர் அனுமதியோடு எடுங்கள். மருந்தடித்த வயலா என்று அப்போதே கேளுங்கள், அந்த இலை புழுவைக் கொன்றுவிடும். புல்தண்டை நீர்க்குப்பியில் நிறுத்தி வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லாவிட்டால் புழு தண்ணீரில் இறங்கி மூழ்கும். இலையைத் தினம் மாற்றுங்கள். இறுக மூடிய டப்பாவில் நீர் கோத்துப் பூசணம் பிடிக்கும். மேலே வலைத்துணி போதும். புழுவின்மேல் அரிசிபோல் வெள்ளைக் கூடுகள் தென்பட்டால் அவை ஒட்டுண்ணிக் குளவியுடையவை. அதையும் பதிவு செய்யுங்கள். கூட்டுப்புழு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள். பூச்சி தலைகீழாகத் தொங்கி இறக்கை விரிக்க இடம் வேண்டும். காய்ந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பதிவேடு, கோரிக்கைகள்

புதிய பதிவுப் படிவத்தில் ‘பேரினம் வரை’ என்ற கட்டம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் டிக் போடுவதில் வெட்கம் வேண்டாம். படமில்லாத இனப் பெயர்கள் பழைய பக்கங்களில் அடிக்கப்படவில்லை. பென்சில் கோடிட்டு வைத்திருக்கிறோம், படம் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து மீட்டுக்கொள்ளலாம். தமிழ்ப் பெயர் சூட்டும் பேச்சு இரண்டு கூட்டங்களை விழுங்கியது. தாவி என்பதில் ஒற்றுமை உண்டு. டார்ட்டுக்கும் ஸ்விஃப்டுக்கும் இல்லை. முடிவாகும்வரை அறிவியல் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதுவோம்.

குளக்கரைப் புல் அறுப்புப் பற்றி ஒரு வார்த்தை. கரை முழுவதையும் ஒரே நாளில் தரையோடு செதுக்கினால் முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றும் ஒன்றாகப் போகின்றன, பொடுதலையும் சேர்த்து. கரையைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை அறுத்து, அது தளிர்த்த பிறகு மறுபாதியை அறுக்கலாம். விட்டுவைக்கும் புல் ஒரு சாண் உயரம் இருந்தாலே போதும். இதைப் பொறுப்பிலுள்ளவர்களிடம் எழுத்தில் கொடுக்கத் தீர்மான வரைவு இணைக்கப்பட்டுள்ளது. கரை பலத்துக்காகச் செடி வேர் அகற்ற வேண்டிய மதகுப் பகுதிகளை நாம் கேட்கவில்லை என்பதையும் அதில் தெளிவாக எழுதியிருக்கிறோம்.

வரும் ஆண்டில் அதே தடங்கள், அதே மாதங்கள். புதுத் தடம் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சுற்று மழையை மட்டும் பார்த்த கணக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது. பைனாகுலர் திருப்பித் தராத இரு உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்கவும். தீர்மான வரைவோடு இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்